சூட்டை இறக்குதல்

கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைப் பிடித்திருக்கிற கடைசித் திருகாணி வரமாட்டேன் என்கிறது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்துகிறேன், வழுக்குகிறது, மறுபடி அழுத்துகிறேன், உள்ளங்கை வியர்வையில் பிடி சுழல்கிறதே தவிர ஆணி சுழலவில்லை. அவசரப்படாதே ஏகாம்பரம். கீறல் விழக்கூடாது. கறுப்புப் பெயின்ட்டில் முடி அளவுக்குக் கீறல் விழுந்தாலும் நிரஞ்சன் பார்த்துவிடுவான். பார்த்ததும் கத்தமாட்டான், கத்தினால்கூடத் தேவலை, தலையை இடது தோள் பக்கம் மெல்லச் சாய்த்துக்கொண்டு ஒரு பார்வை பார்ப்பான், அந்தப் பார்வை முடிகிற இடத்தில் கை ஆரம்பிக்கும். இருபத்தேழு வயசு என் பிள்ளைக்கு. ஒரே பிள்ளை. விரல்கள் என்னுடையவை மாதிரியே நீளம், டிராயிங் மாஸ்டர் பிள்ளை கையைப் பாருங்க, பிரஷ் பிடிக்கவே செஞ்ச கை என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சொல்வார்கள், அவன் ஒருநாளும் பிரஷ் பிடிக்கவில்லை. அந்த விரல்களின் நீளம் எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். ஒரு கையாலேயே என் கழுத்தை முக்கால்வாசி சுற்றிவிடும். கட்டைவிரல் குரல்வளைக்குப் பக்கத்தில் ஒரு குழியில் போய் உட்காரும், அங்கே உட்கார்ந்தால் எச்சில் விழுங்க முடியாது, காது இரண்டும் அடைத்துக்கொண்டு யாரோ தூரத்தில் மோட்டார் போட்ட மாதிரி ஓர் இரைச்சல். வந்துவிட்டது. ஆணி வந்துவிட்டது. கிண்ணத்தில் போடு. கை நடுங்காமல் போடு.

ஆற்காட்டில் சிநேகிதன் கல்யாணம் என்று காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தது அவன் அம்மா கோமளாதான், இடது கையாலேயே போட்டாள், வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. காலரில் ஒரு மடிப்பு இருந்தது. மடிப்பைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், நான் நாற்காலியில் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டேன், இதுவரை எத்தனை தடவை கால்களை அப்படி உள்ளே இழுத்திருப்பேன், ஆனால் இன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை, கல்யாணத்துக்குப் போகிற சந்தோஷமோ என்னவோ. வாசலில் ஷூ மாட்டும்போது மட்டும் சொன்னான். "என் ரூமுக்குள்ள எவனாவது கால வெச்சீங்க, அப்புறம் பேசிக்கலாம்." எவனாவது என்றால் நான். பைக் சத்தம் தெருமுனையில் திரும்புகிற வரைக்கும் நானும் கோமளாவும் இருந்த இடத்திலேயே இருந்தோம். அப்புறம் அவள் எழுந்து போய் ஃபேனைக் கூட்டி வைத்தாள். நான் எழுந்து வந்து அவன் அறைக்குள் காலை வைத்தேன். வேலூர் வெயிலில் இந்த அறை மத்தியானத்தில் ரொட்டி அடுப்பு மாதிரி இருக்கும். மேலே மொட்டை மாடி, பக்கத்தில் மேற்குச் சுவர், ஜன்னலை அவன் திறக்கவிடமாட்டான், திரையில் வெளிச்சம் அடிக்குமாம். சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் இந்தப் பெட்டியைச் செருகி வைத்திருக்கிறான், மூச்சுவிட இடமில்லாமல். அவனை யார் கேட்பது. கேட்டேன் ஒருநாள். கொஞ்சம் இப்படி இழுத்து வெச்சா காத்து போகும்லடா என்றேன். உனக்கு என்னய்யா தெரியும் என்று சொல்லித் தண்ணீர்ப் பாட்டிலை எறிந்தான். ஸ்டீல் பாட்டில். புருவத்துக்கு மேலே பட்டது.

அணைந்துவிடுகிறது, அதுதான் விஷயம். உள்ளே பிராசசர் என்று ஒரு சின்னச் சதுரம் இருக்கிறதாம், அது சூடானால் மேலே இருக்கிற அலுமினியக் கூண்டும் ஃபேனும் சூட்டை இழுத்து வெளியே தள்ள வேண்டும், தள்ள முடியாமல் போனால் கருகிவிடாமல் இருக்க அதுவே தன்னை நிறுத்திக்கொண்டுவிடும். நல்ல ஏற்பாடுதான். தன்னைத் தானே நிறுத்திக்கொள்வது. விளையாட்டின் நடுவில், துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற நேரத்தில், எங்கேயோ இருக்கிற நாலு பேர் இவனை நம்பி நிற்கிற நேரத்தில், திரை டப்பென்று கறுத்துவிடும். ஒரு நிமிஷம் ஒன்றுமே கேட்காது. அந்த ஒரு நிமிஷம்தான். நான் கூடத்தில் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வேன், எழுத்து ஒன்றும் தெரியாது, கோமளா அடுப்படியில் கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைப்பாள். அப்புறம் நாற்காலி பின்னால் போய் சுவரில் மோதும். கதவு. போன செவ்வாய்க்கிழமை கோமளா மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தாள், தேங்காய்ச் சட்னி, அவன் வருகிற சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. "நீ மிக்ஸி போட்டுத்தான் கரண்டு குறையுது" என்று சொல்லிக் கையைப் பிடித்தான், பிடித்ததைப் பின்பக்கமாகத் திருப்பினான், நான் வாசற்படியில் நின்றுகொண்டு டேய் டேய் என்கிறேன், வேறு வார்த்தையே வரவில்லை, டேய் டேய், முருங்கைக்காயை ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம், பச்சையாக, நாரோடு. மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்தது. அதை யார் நிறுத்தியது என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை, நான்தான் நிறுத்தியிருக்க வேண்டும், பொண்டாட்டி கை ஒடிந்து தரையில் உட்கார்ந்திருக்கும்போது நான் போய் மிக்ஸியை நிறுத்தியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வழுக்கி விழுந்தா இப்படித் திருகி ஒடியாதேம்மா" என்றார். அவள் முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள். நான் எக்ஸ்ரேயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல கோடு. வெள்ளைக்குள் கறுப்பாகச் சுற்றிக்கொண்டு போகிற கோடு, பென்சிலால் அப்படிப் போடவேண்டுமென்றால் மணிக்கட்டு லேசாக இருக்கவேண்டும்.

தகடு கழன்று வந்துவிட்டது. அடேயப்பா. உள்ளே ஒரு போர்வையே இருக்கிறது. தூசியும் முடியுமாக அலுமினியக் கூண்டை மூடிக்கொண்டு, சாம்பல் நிறத்தில், செத்த எலியின் தோல் மாதிரி. ஃபேனின் இறக்கைகள் ஒவ்வொன்றிலும் கறுப்பு விளிம்பு. இதற்குத்தானா. இந்தப் பஞ்சுக்குத்தானா அவள் கை. பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தள்ளுகிறேன், கொத்துக் கொத்தாக விழுகிறது, மூக்கில் ஏறுகிறது, தும்மக்கூடாது, எவ்வளவு வருஷத்து முடி இது, அவனுடையது, அவளுடைய நீள நரைமுடியும் ஒன்றிரண்டு சிக்கியிருக்கிறது, பெருக்க வரும்போது விழுந்ததா இல்லை அவன் பிடித்து இழுத்தபோது விழுந்ததா. கடைக்காரனிடம் கொடுத்திருந்தால் பத்து நிமிஷ வேலை. ஆனால் கொடுத்துப் பார்த்தாயிற்று, பஜாரில் ஒரு பையன் இதைத் திறந்து வைத்துக்கொண்டு சார் நீங்க ஒழுங்கா மெயின்டெயின் பண்ணல என்று ஒரு வார்த்தை சொன்னான், அவ்வளவுதான், நிரஞ்சன் அவன் மூக்கைப் பெயர்த்துவிட்டான், மேஜை மேலே இருந்த வெள்ளைத் துணியெல்லாம் ரத்தம். அதற்கப்புறம் இந்தப் பக்கத்தில் எந்தக் கடையிலும் இதை வாங்கமாட்டார்கள். அதனால் நான் பூங்காவில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து காதில் வயரை மாட்டிக்கொண்டு ஃபோனில் பார்த்தேன், ஒரு தம்பி தமிழில் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கிறான், திருட்டுத்தனமாகப் படம் பார்க்கிற விடலைப் பையன் மாதிரி யாராவது வந்தால் மூடி மூடி வைத்துக்கொண்டு பார்த்தேன். தூசியைத் துடைக்கணும். கூண்டைக் கழற்றணும். அடியில் காய்ந்துபோன, சூட்டைக் கடத்துகிற பசையைச் சுரண்டி எடுத்துட்டுப் புதுப் பசை வைக்கணும். பெட்டியைச் சுவரைவிட்டுத் தள்ளி வைக்கணும். ஆனா ஒண்ணு, அங்கே குரலைத் தாழ்த்தினான் அந்தத் தம்பி, கூண்டை வெடுக்குன்னு இழுக்கக்கூடாது, பசை காய்ஞ்சு ஒட்டியிருந்தா பிராசசரும் சேர்ந்து பிய்ச்சிக்கிட்டு வந்துரும், அடியில தலைமுடி மாதிரி ஊசிங்க இருக்கும், ஒண்ணு வளைஞ்சா போச்சு. போச்சு என்றால் எது போச்சு. அவனுக்கு பிராசசர் போச்சு. எனக்கு எது எது போகும் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். பல். கண். இன்னொரு கை, அவளுடைய இடது கை.

கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கினேன், சூட்டில் பசை இளகும் என்று அந்தத் தம்பி சொன்னபடி. ஓடவிட்டபோதே பார்த்தேன், ஆரம்பத்தில் ஒரு விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் ஒரு நீலத் திரை வருகிறது, அதற்குப் பாஸ்வேர்டு வேண்டாம், அதன் மூலையில் சூட்டின் அளவு. எண்பத்தெட்டு. ஒரு வேலையும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே எண்பத்தெட்டு. இப்போது பிளக்கைப் பிடுங்கியாயிற்று, கொக்கியை எடுத்தாயிற்று, இரண்டு கையாலும் கூண்டைப் பிடித்துக்கொண்டு இடம் வலமாக அசைக்கிறேன், இழுக்காமல், அசைத்து மட்டும், குழந்தையின் ஆடுகிற பல்லை அசைக்கிற மாதிரி. அசையவில்லை. வியர்வை கண்ணில் இறங்குகிறது. அசை. இந்தா பார், எனக்கு அறுபத்து மூன்று வயசு, என்னைக் கெஞ்ச வைக்காதே, அசை. ஒரே இழுப்பாக இழுத்துத் தரையில் அடித்தால் என்ன, பெட்டியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுபோய் அங்கிருந்து தெருவில் போட்டால் என்ன, விழுகிற சத்தம் எப்படி இருக்கும், கண்ணாடியும் தகரமும், அப்புறம் அவன் வருவான். வரட்டும். ஸ்க்ரூ டிரைவர் தொடைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. நீளமானது, முனை தட்டை. அவன் தூங்கும்போது எப்போதும் வலது பக்கம் ஒருக்களித்துப் படுப்பான், இடது காது மேலே இருக்கும், வாய் லேசாகத் திறந்திருக்கும். காதுக்குள் ஒரு பாதை இருக்கிறது. மனிதத் தலையைப் பக்கவாட்டில் வரையும்போது காது எங்கே வரும் என்று பிள்ளைகளுக்கு எத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்தேன், புருவத்துக்கும் மூக்கு நுனிக்கும் நடுவில், தாடையின் பின்கோட்டை ஒட்டி. ஒரே தள்ளு. பிடியின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து உடம்பின் பாரத்தையே இறக்கினால் போதும். கால் உதறும். தலையணை. அப்புறம் அமைதி, மத்தியான அமைதி, கோமளா சட்னி அரைக்கலாம். சீ. என்ன யோசிக்கிறேன். என்ன யோசிக்கிறேன் நான். ஒரு பிள்ளையைக்கூட ஸ்கேலால் தொட்டதில்லை, ஏகாம்பரம் சார் கிளாஸ்னா பசங்க ஆட்டம் போடுவாங்க என்று ஹெட்மாஸ்டரே கேலி செய்வார். அடிச்சி வளர்த்திருக்கணும் சார், அதான் இப்படி என்கிறார் எதிர்வீட்டுக்காரர். அடித்து வளர்த்திருந்தால் அடி வாங்கினவன் அப்படித்தான் இருப்பான் என்று இவரே சொல்லியிருப்பார்.

மூன்று வயசில் அவனுக்கு ஜுரம் வந்தது. சொல்லி வைத்தாற்போல அதுவும் கோடைதான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்தேன், கோமளா அலறினாள், எழுந்து பார்த்தால் பிள்ளை வில்லாக வளைந்து கிடக்கிறான், கண் மேலே சொருகிவிட்டது, வாயில் நுரை. தொட்டால் கை சுட்டது, பிள்ளையின் நெஞ்சைத் தொட்டால் கை சுடுமா, சுட்டது. அண்டா தண்ணீரில் வேட்டியை நனைத்து நனைத்துச் சுற்றினேன், சுற்றின துணி நிமிஷத்தில் வெதுவெதுவென்று ஆகிவிடும், மறுபடி நனை, மறுபடி சுற்று, இறங்குடா இறங்குடா என்று சூட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே ஆட்டோவில் ஏறினோம், ஆஸ்பத்திரி வாசலில் அவன் கண்ணைத் திறந்து நைனா என்றான். நைனா தண்ணி. நான் நடு ரோட்டில் உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கு அந்த வேட்டியை நனைக்காமல் விட்டிருந்தால். கொஞ்சம் மெதுவாக நனைத்திருந்தால். இந்த எண்ணம் ஒரு தடவை வந்துவிட்டது, வந்ததைத் திருப்பி அனுப்ப முடியவில்லை, ஒரு தடவை வந்த வீட்டுக்கு வழி தெரிந்துகொண்டு அடிக்கடி வருகிறது, பல் தேய்க்கும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம், அவன் சாப்பிடும்போது சோறு இறங்குகிற தொண்டையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது. விட்டிருந்தால். மூன்று வயசுப் பிள்ளையை நினைத்து இப்போதும் அழுதுகொண்டிருப்போம், கையெல்லாம் முழுசாக வைத்துக்கொண்டு. டக். வந்துவிட்டது. என்ன வந்தது, கூண்டு மட்டுமா, கடவுளே, பிராசசரா, திருப்பிப் பார்க்கப் பயமாக இருக்கிறது. திருப்பு. கூண்டு மட்டும்தான். பிராசசர் தன் இடத்தில் அப்படியே இருக்கிறது, நகம் மாதிரி பளபளப்பாக, மேலே காய்ந்த பசை, சுண்ணாம்பு வெடித்த சுவர் மாதிரி.

"வந்துதா?" கோமளா வாசற்படியில் நிற்கிறாள். அறைக்குள் கால் வைக்கவில்லை. வந்தது என்கிறேன். "ரத்தம்" என்கிறாள். பார்த்தால் ஆள்காட்டி விரலில், அலுமினியத் தகடு எப்போது அறுத்தது என்றே தெரியவில்லை, மெல்லிசாக அறுத்திருக்கிறது, சொட்டுகிறது, ஐயோ போர்டின் மேலே ஒரு சொட்டு, பச்சை நிறத்தில் சிவப்பு, ஸ்பிரிட் எங்கே பஞ்சு எங்கே, துடைக்கிறேன், என் ரத்தத்தை இவ்வளவு பயந்து பயந்து நான் துடைத்ததில்லை. விரலை வாயில் வைத்துக்கொண்டே பிராசசரின் மேல் பசையைச் சுரண்டுகிறேன், ஸ்பிரிட் வாடை, அவளுடைய மாவுக்கட்டு வாடையும் அதோடு சேர்கிறது. அவள் போகவில்லை. "எதுக்குங்க இதெல்லாம்?" என்கிறாள். சூடு குறைஞ்சா அணையாது, அணையலன்னா கோவம் வராதுல்ல என்கிறேன். புதுப் பசையைப் பட்டாணி அளவுக்கு நடுவில் வைக்கிறேன், அதிகமானால் வழியும், குறைந்தால் பிடிக்காது, வெள்ளைப் பெயின்ட் டியூபைப் பிதுக்குகிற மாதிரிதான் பிதுக்குகிறேன், இதில் மட்டும் கை நடுங்கவில்லை. "இந்தப் பொட்டி வாங்கறதுக்கு முன்னாடி அடிச்சானே" என்கிறாள் கோமளா. குரலில் சண்டை இல்லை, கணக்கு டீச்சர் மாதிரி சொல்கிறாள். "சென்னையில வேலை போயி வந்தப்ப சோத்துத் தட்ட என் மூஞ்சில எறிஞ்சானே, அப்ப எந்தப் பொட்டி இருந்துது?" இல்லை. அப்போது எந்தப் பெட்டியும் இல்லை. அப்போது சாம்பார் சூடாக இருந்தது. ஆனால் கொஞ்சமாவது குறையும் என்கிறேன், வாரத்துக்கு நாலு தடவை அணைகிறது, நாலு தடவை என்பது ஒரு தடவை ஆனால்கூட. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டாள். எதையோ யோசிக்கிற நடை. அவள் நடையை வைத்து அவள் யோசிப்பதைக் கண்டுபிடிக்க முப்பது வருஷத்தில் கற்றுக்கொண்டிருக்கிறேன், ஆனால் என்ன யோசிக்கிறாள் என்பது இதுவரை பிடிபட்டதில்லை.

கூண்டை நேராக இறக்கிக் கொக்கியை மாட்டினேன். ஃபேன் வயரைக் குத்தினேன். பெட்டியைச் சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி, பீரோவைவிட்டு விலக்கி வைத்தேன், ஜன்னலில் ஒரு கதவை மட்டும் திறந்தேன், அனல் காற்றுதான், இருந்தாலும் காற்று. பிளக். சுவிட்ச். ஒன்றுமே நடக்கவில்லை. எரியவில்லை, செத்துவிட்டது, கொன்றுவிட்டேன், இனி அவன் என்னைக் கொல்வான், எப்படி, கழுத்தா, ஸ்டீல் பாட்டிலா, இல்லை இன்றைக்கு அவளையா, இல்லை, பின்பக்கம் இன்னொரு சின்ன சுவிட்ச், அதைப் போடவில்லை. போட்டேன். ஃபேன் சுற்றியது. பழைய உறுமல் இல்லை, பட்டுப்புடவை உரசுகிற மாதிரி ஒரு சத்தம். நீலத் திரை. நாற்பத்தி இரண்டு. தரையில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருக்கிறேன், நாற்பத்தி மூன்று, நாற்பத்தி மூன்று, அங்கேயே நிற்கிறது. பாதியாகிவிட்டது. என் பிள்ளைக்கு அன்றைக்கு ஜுரம் இறங்கியபோது எப்படி இருந்ததோ அப்படி இருக்கிறது, வெட்கமாக இருக்கிறது, சிரிக்கிறேன், கண்ணில் தண்ணீர். கோமளா, நாப்பத்தி மூணு என்று கத்துகிறேன். கத்தின அதே நேரத்தில் தெருமுனையில் பைக்.

அணை. தகட்டை மாட்டு. திருகாணி. ஒன்று, இரண்டு, கிண்ணம் கவிழ்ந்தது, மூன்றாவது கட்டிலுக்கடியில் உருண்டது, விடு, பிரஷ்ஷை எடு, பஞ்சை எடு, தூசிப் போர்வையை நியூஸ் பேப்பரோடு சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு அறை வாசலுக்கு வருகிறேன், அவன் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்று ஷூவைக் கழற்றுகிறான். கல்யாணச் சந்தனம் நெற்றியில் காய்ந்திருக்கிறது. என் அக்குளைப் பார்த்தான். என் விரலைப் பார்த்தான். தலை இடது பக்கம் சாய்ந்தது. "உள்ள போனியா?" தம்பி, சூடு இறங்கிடுச்சுடா, இனிமே அணையாது, நாப்பத்தி மூணுதான் காட்டுது, நீயே வேணும்னா. "உள்ள போனியான்னு கேட்டேன்." போனேன். கட்டைவிரல் அந்தக் குழியில் வந்து உட்கார்ந்தது. முதுகு சுவரில் மோதியது, பின்மண்டை மோதியது, காலண்டர் ஆணி தோளில் கிழித்தது, காதுக்குள் மோட்டார். அவன் முகம் மிக அருகில், பன்னீர் வாசனை, பாயசம் வாசனை, கண்ணின் வெள்ளையில் சின்னச் சின்ன சிவப்புக் கோடுகள், வில்லாக வளைந்து கிடந்தபோது இதே கண். நைனா தண்ணி. எனக்கும் தண்ணி வேண்டும். கால் தரையைத் தேடுகிறது. "கெட்டுப் போயிருந்தா, உன்னை இங்கியே பொதச்சிடுவேன்" என்று சொல்லிக் கையை எடுத்தான். சரிந்து உட்கார்ந்தேன். உள்ளே போனான். சுவிட்ச் சத்தம். ஃபேன் சத்தம், பட்டு உரசுகிற மாதிரி. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை, அந்த ஒரு நிமிஷம், அடுப்படியில் கரண்டி. அப்புறம் விசைகள் தட்டுகிற சத்தம். திறந்திருந்த ஜன்னல் கதவைப் படாரென்று சாத்தினான். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான் போல, யாரிடமோ சிரித்துப் பேசுகிறான். "மச்சி, இன்னைக்கு செமயா ஓடுதுடா. லேகே இல்ல, எங்கயும் நிக்கல."

சிரிக்கிறான். என் பிள்ளை சிரிக்கிறான். இதைக் கேட்கவா இவ்வளவும். இருமல் வருகிறது, இருமினால் தொண்டைக்குள் கண்ணாடித் தூள், எச்சிலைத் துப்பிப் பார்த்தால் இளஞ்சிவப்பு. அணையாது இனிமேல். எண்பத்தெட்டு நாற்பத்தி மூன்றாகிவிட்டது. ராத்திரி வரைக்கும் விளையாடுவான், ஜெயித்தால் சோறு கேட்பான், தோற்றால். தோற்றால் என்ன என்பதை யோசிக்காதே. தோற்காமல் இருக்க ஏதாவது வழி உண்டா, அதற்கும் பூங்காவில் உட்கார்ந்து ஏதாவது பார்க்கலாமா, அடுத்தது என்ன, நாற்காலி சரியில்லை என்பான், நெட் சரியில்லை என்பான், சோறு குழைந்துவிட்டது என்பான், ஒவ்வொன்றாக ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு நான் போவேன், போய்க்கொண்டே இருப்பேன். என் முன்னால் கோமளாவின் கால்கள். நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவன் அறைக் கதவை இடது கையால் மெல்லத் தள்ளிச் சாத்தினாள், சத்தமில்லாமல், தூளியில் தூங்குகிற குழந்தைக்கு எடுக்கிற ஜாக்கிரதை, கதவு நிலையில் பொருந்தியதும் மேலே எக்கி வெளித் தாழ்ப்பாளைத் தள்ளினாள். அது ஏற மறுத்தது, நெற்றியால் கதவை அழுத்திக்கொண்டு மறுபடி தள்ளினாள், ஏறியது. அப்புறம் கீழே உட்கார்ந்து கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டாள். அவன் காதுக்குள் துப்பாக்கிகள் சுட்டுக்கொண்டிருக்கும். அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. "ஃபோன எடுங்க" என்றாள்.

யாருக்கு என்றேன். குரல் வரவில்லை, வாய் மட்டும்தான் அசைந்தது.

"போலீசுக்கு."

அவன் நம்ம பிள்ளை கோமளா. இதைத்தான் இத்தனை நாளும் அவள் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், இன்றைக்கு நான் அவளிடம் சொல்கிறேன். மத்தியானமெல்லாம் அவன் காதில் இரும்பை இறக்கிக்கொண்டிருந்தவன் நான், எண்ணை அழுத்த விரல் வரவில்லை, ரத்தம் காய்ந்து ஃபோனில் ஒட்டுகிறது, திரை தொடுதலை ஏற்கவில்லை. அவள் என் மடியிலிருந்து ஃபோனை எடுத்துக்கொண்டாள். புடவையில் துடைத்தாள். இடது கட்டைவிரலால், பழக்கமில்லாத விரலால், நிறுத்தி நிறுத்தி எண்களை அழுத்தினாள்.

"ஹலோ. ஆமாங்க. என் பேரு கோமளவல்லி. காகிதப்பட்டறையிலேர்ந்து பேசறேன். என் பையன் எங்கள அடிக்கிறான். இல்லீங்க, பக்கத்து வூட்டுப் பையன் இல்ல, என் பையன்தான். பெத்த பையன். போன வாரம் என் கைய ஒடச்சான், இப்ப இவரு கழுத்த நெரிச்சிட்டான். இல்லீங்க, குடிக்க மாட்டான். வயசா, இருவத்தேழு."

உள்ளே விசைகள் நின்றுவிட்டன. நாற்காலி நகர்கிற சத்தம். கதவின் கைப்பிடி கீழே இறங்கியது, மேலே வந்தது. "அம்மா." சாதாரணமாகத்தான் கூப்பிட்டான், தண்ணீர் கேட்கிறவன் மாதிரி. "அம்மா, கதவு மாட்டிக்கிச்சு, தொற." அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் தரையில் நகர்ந்து நகர்ந்து போய்க் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன், இரண்டு கால்களையும் அந்தக் குறுகலான நடையின் எதிர்ச்சுவரில் ஊன்றிக்கொண்டேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. முதல் உதை என் முதுகெலும்பில் வந்து இறங்கியது, பல்லெல்லாம் ஒன்றோடொன்று மோதின. இரண்டாவது. "யோவ், தொறய்யா! கொன்னுடுவேன் ரெண்டு பேரையும்!" மூன்றாவது உதையில் மேல் தாழ்ப்பாளின் ஒரு திருகாணி தெறித்து என் மடியில் விழுந்தது. கால்களை இன்னும் அழுத்தினேன். ஒவ்வொரு உதைக்கும் மூச்சு வெளியே போகிறது, மறுபடி இழுத்துக்கொள்கிறேன், இந்த அடி எங்கே விழுகிறது என்று எனக்குத் தெரிகிறது, நான் வாங்குகிறேன், வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், கால்களை உள்ளே இழுக்கவில்லை. கோமளா ஒரு காதைத் தோளால் பொத்திக்கொண்டு, அந்தப் பக்கத்தில் இருக்கிறவருக்குத் தெளிவாகக் கேட்கும்படி தெருப்பேரை இன்னொரு தடவை சொன்னாள். அப்புறம் அவர்கள் ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"தொறக்க மாட்டோம்ங்க" என்றாள். "நீங்க வர்ற வரைக்கும் தொறக்க மாட்டோம்."